முள்ளுக்குக் கீழே

– முதல்ல சட்டையக் கழட்டுங்க மாமா. மத்ததெல்லாம் அப்புறம்.

– வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி இல்ல, வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல சட்டையக் கழட்டுன்னா என்ன மருமகளே அர்த்தம்? மச்சான், நீங்களாவது சொல்லுங்க. அவசரம், கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு வான்னு போன்ல சொன்னீங்களே, என்ன அவசரம்?

– அதான் மாப்ள, நீ சட்டையக் கழட்டறதுதான் அவசரம்.

– அடப் பாவமே! இவள பொண்ணு பாக்க யாரோ வர்றாங்கன்னு நெனச்சு, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு ஓடி வந்திருக்கேன். லாட்ஜுல சாவி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. கூட்டற பெரியவர என் நாற்காலியில உக்கார வெச்சுட்டு வந்தேன்.

– அவரு உன்னவிட நல்லாப் பாத்துக்குவாரு. தூங்கவாவது மாட்டாரு. கழட்டு.

– மாமா, நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சை. ஒரு ஆள நிறுத்தி வெச்சு, அவர் உடம்பு மேல சாக்பீஸ்ல கோடு போட்டு, இந்தத் தசை இங்க ஆரம்பிக்குது, இங்க முடியுதுன்னு காட்டணும். போன தடவை அதுல விழுந்துட்டேன். நாளைக்கும் விழுந்தேன்னா, என்கூடப் படிக்கிறவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ட்ரெயினிங் போயிடுவாங்க. நான் மறுபடியும் முதல் வருஷத்துப் பிள்ளைங்களோட உக்காரணும்.

– பிசியோதெரபி படிக்கிறவளுக்குத் தசை தெரியலன்னா எப்படி? சாவி எந்த ரூமுதுன்னு எனக்குத் தெரியாத மாதிரில்ல இருக்கு?

– எல்லாம் தெரியும் அவளுக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஞாயித்துக்கிழமை ஆனா என்ன இந்த முக்காலியில உக்கார வெச்சு, அவ அம்மா துணி வெட்டற சாக்கட்டிய எடுத்துக்கிட்டு, முதுகு பூரா எழுதித்தான் படிச்சா. மறுநாள் குளிக்காமப் போயிட்டேன்னா மார்க்கெட்ல மூட்டை தூக்கறப்ப எல்லாரும் சுத்தி நின்னு வாசிப்பானுங்க.

– அப்புறம் என்ன? மச்சான் முதுகு இருக்கும்போது என் முதுகு எதுக்கு?

– என்னையே கேட்டா? என் முதுகு ஆகாதாம். அவளையே கேளு.

– கோவிச்சுக்காதீங்கப்பா. மாமா, அப்பா முதுகு பெரிய எழுத்துப் புத்தகம். ஒவ்வொரு தசையும் கயிறு மாதிரி தனியாத் தெரியும். கண்ணால பாத்தே கோடு போட்டுப் பழகிட்டேன். பரீட்சையில ஒரு ஆபீஸ்காரரக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. எங்க பாத்தாலும் மொழுக்குன்னு ஒரே மாதிரி. எது எங்க முடியுதுன்னே தெரியல.

– அதனால சொந்தத்துலயே யாரு மொழுக்குன்னு இருக்கான்னு தேடிக் கண்டுபிடிச்சீங்களாக்கும்.

– தேடவே இல்ல மாப்ள. நெனச்ச உடனே உன் மூஞ்சிதான் வந்துச்சு.

– சிரிங்க, நல்லாச் சிரிங்க. இந்தா கழட்டிட்டேன். மருமகளே, ஜன்னல சாத்து. எதிர்வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?

– ஜன்னல் வேணும் மாமா, வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்துதான் வருது. முக்காலிய அப்படியே திருப்பி உக்காருங்க. ம்... அசையாதீங்க.

– ஐயோ, கூசுது!

– தொடவே இல்லடா இன்னும். சாக்கட்டியப் பாத்ததுக்கே கூசுதா?

– சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது? இதோ இந்த எலும்பு. கழுத்துக்குக் கீழ, தோளுக்குப் போகுது பாருங்க. இது மட்டும் உங்களுக்கும் தெரியுது. இதுக்குப் பேரு கிளாவிகுலா. லத்தீன்ல சின்னச் சாவின்னு அர்த்தம்.

– சாவியா? நிஜமாவா சொல்ற?

– புத்தகத்துலயே இருக்கு மாமா. அந்தக் காலத்துச் சாவி இப்படி வளைஞ்சிருக்குமாம்.

– மச்சான், கேட்டீங்களா? நான் சாவி குடுக்கறவன்னு கடவுளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. உடம்புலயே ரெண்டு சாவி வெச்சு அனுப்பியிருக்காரு.

– எனக்கும்தான்டா ரெண்டு இருக்கு. நான் எந்த லாட்ஜத் தொறக்கறேன்?

– அம்மாவுக்கும் ஒண்ணு இருக்கு மாமா. தொடையில குறுக்கால ஒரு நீளத் தசை ஓடுது. சர்டோரியஸ். தையற்காரத் தசைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல தையற்காரங்க தரையில சம்மணம் போட்டு உக்காந்துதான் தைப்பாங்களாம். அப்படிக் கால மடக்க அந்தத் தசைதான் உதவும்.

– உங்கம்மா வேலை பாக்கற தையல் கம்பெனியில இதப் போய்ச் சொல்லு. அங்க நாற்காலியில உக்கார வெச்சு, ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க விடமாட்டானுங்க. அந்தத் தசை துருப்பிடிச்சுக் கெடக்கும்.

– எனக்கு ஒரு சந்தேகம் மருமகளே. லத்தீன்ங்கறது பேச ஆளில்லாத பாஷைன்னு சொல்லுவாங்களே. செத்த பாஷையில எதுக்கு உசிரோட இருக்கறவன் உடம்புக்குப் பேரு?

– பேச ஆளில்லாததுதான் வசதி மாமா. பேசற பாஷை ஊருக்கு ஊரு மாறும், நாளைக்கு வேற அர்த்தம் வந்துடும். இது மாறாது. எந்த நாட்டு டாக்டர்கிட்டப் போய் இந்தப் பேரச் சொன்னாலும் இந்த இடத்துலதான் கை வைப்பாரு.

– பேரக் கேட்டாத்தான் பயமா இருக்கு, அர்த்தத்தச் சொன்னா ஒண்ணுமே இல்ல மாப்ள. எங்க மார்க்கெட்ல ஆளுக்குப் பேரு வெக்கற கதைதான். உயரமா இருந்தா நெட்டை. பல்லு முன்னால வந்தா ரம்பம். வேலையப் பாத்து ஒருத்தன தூக்கின்னு கூப்பிடறோம். இவனுங்களும் உடம்புக்குள்ள அதையேதான் பண்ணி வெச்சிருக்கானுங்க.

– அப்படியேதாம்ப்பா! விலாவுல ஒண்ணு ஸெர்ரேட்டஸ், ரம்பப் பல்லு. தோள்ல ஒண்ணு லெவேட்டர், தூக்கி. தொடைக்கு உள்பக்கம் ஒண்ணு கிராசிலிஸ், ஒல்லி.

– என் உடம்புலயும் ஒல்லியா ஒண்ணு இருக்கா?

– இருக்கு மாமா. சத்தியமா.

– இத எங்க அக்காகிட்ட, அதான் உங்கம்மாகிட்டச் சொல்லணும். என்னப் பாத்தா ஒரு நல்ல வார்த்தை வராது அவ வாயில.

– வயித்துல நடுவுல மேலேருந்து கீழ வர்றது ரெக்டஸ். நேரானதுன்னு அர்த்தம்.

– இவனுக்கு அது எப்பவோ வளைஞ்சு போச்சு. அதுக்கு லத்தீன்ல என்ன பேரு?

– மச்சான், நீங்க பேசாம உக்காருங்க. மருமகளே, நீ பாட்டுக்கு எழுது.

– எழுதறது எங்க? விரல வெச்சா மெத்தையில அமுக்கற மாதிரி உள்ள போகுது. இந்தக் கையத் தூக்குங்க... இறக்குங்க. இல்ல மாமா, தெரியல. அதே மாதிரிதான் இருக்கு, அந்த ஆபீஸ்காரர் மாதிரியே. லட்டிஸிமஸ் டார்ஸை. முதுகுலயே அகலமானதுன்னு பேரு. அவ்ளோ பெரிசு. அதுகூடக் கிடைக்கலன்னா நான் நாளைக்கு எதுக்குப் போகணும்?

– அம்மாடி, கண்ணத் தொடச்சுக்க. எதுக்கு இப்ப? இதோ என் முதுகு இருக்கு, இதுலயே இன்னொரு வாட்டி...

– உங்க முதுகுலதாம்ப்பா எனக்கு எல்லாம் தெரியுமே! பரீட்சைக்கு உங்களயா கொண்டுவந்து நிறுத்துவாங்க?

– நிறுத்தினா நான் வரமாட்டேன்னா சொல்றேன்?

– மச்சான், சும்மா இருங்க. மருமகளே, ஒண்ணு சொல்லட்டுமா? தசைன்னா என்ன, உள்ள எலி மாதிரி ஓடுமே, அதானே?

– எலின்னுதான் மாமா அதுக்குப் பேரே. மஸ்குலஸ். சுண்டெலி. தோலுக்கு அடியில எலி ஓடற மாதிரி இருக்குன்னுதான் அப்படி வெச்சாங்க.

– பாத்தியா! வளையில இருக்கற எலியப் பாக்கணும்னா என்ன பண்ணுவோம்? வெளிய வர வெப்போம். அது ஓடினாத்தானே தெரியும்? என் எலிங்க எல்லாம் தூங்குது. எழுப்பு.

– ஓட வெக்கறதா... ஆமா. ஆமா மாமா! பேர்லயே வேலை இருக்கே. வேலை குடுத்தா எந்திரிக்கும். இருங்க. லெவேட்டர், தோள்பட்டையத் தூக்கறது. தோள ரெண்டையும் காதுகிட்டத் தூக்குங்க, எனக்கென்ன தெரியும்னு சொல்ற மாதிரி.

– இது எனக்கு தெனமும் உள்ள வேலைதான். வெந்நீர் எப்ப வரும்னு ஆளுங்க கேப்பாங்க, இப்படிக் குலுக்குவேன்.

– வந்துடுச்சு! இங்க, கழுத்து ஓரமா, விரல முட்டுது! இன்னொரு தரம்... அதேதான்! கோடு போட்டுட்டேன். அடுத்தது ரம்பப் பல்லு. எந்திரிச்சுப் போய்ச் செவுத்தத் தள்ளுங்க.

– செவுரு பழசு மருமகளே, விழுந்துரப் போகுது.

– நீ தள்ளி விழற செவுரா இருந்தா இத்தன மழைக்கு நின்னிருக்காதுடா. தள்ளு.

– தள்ளறேன்... ம்ம்ம்... இருக்கா?

– இருக்கு! பல்லு பல்லா விலாவுல தட்டுப்படுது. மாமா, உங்களுக்குள்ளயும் எல்லாம் இருக்கு மாமா!

– பின்ன? நான் என்ன பஞ்சு வெச்சுத் தெச்ச பொம்மையா?

– இப்ப அகலமானது. இருமுங்க.

– இருமறதா? சளி எல்லாம் இல்லயே எனக்கு.

– புத்தகத்துல போட்டிருக்கு, இருமினா அது இறுகும். ரெண்டு பக்கமும் கை வெச்சுக்கறேன். இருமுங்க.

– கொஹ்! கொஹ்!

– குதிச்சுது! இடுப்புலேருந்து அக்குள் வரைக்கும் பூராவும் குதிச்சுது! இத்தன பெரிசா இருந்துக்கிட்டு ஒளிஞ்சிருந்துச்சு பாருங்க! அப்பா, அந்தக் கண்ணாடிய எடுத்துப் பின்னால பிடிங்க, மாமாவும் பாக்கட்டும்.

– எங்க, காட்டுங்க மச்சான். இன்னும் கொஞ்சம் மேல... மேல தூக்குங்களேன். இடுப்புதான் தெரியுது.

– இவ்ளோதான். குனிஞ்சு பாத்துக்க.

– என்ன மச்சான், ஒரு கண்ணாடிக்கே இடது கைய முட்டுக் குடுக்கறீங்க? ஆ, தெரியுது, தெரியுது! அட, அழகா இருக்கே! தேசப் படம் மாதிரி. எனக்கு இவ்ளோ பெரிய முதுகு இருக்குன்னு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே.

– உன் முதுகப் பாக்கத்தான் உனக்கு எங்க நேரம்? சாஞ்சேதானே கெடக்குற. சரி அம்மாடி, முடிஞ்சுதா? அவனுக்கு ஏதாவது சாப்பிடக் குடு.

– ஒண்ணு பாக்கி இருக்குப்பா. ஆனா அது எனக்கு நல்லாத் தெரியும். அதுல என் மேல தப்பே இல்ல. இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். நான் சரியாக் காட்டினேன், அந்த அம்மா தப்புன்னு போட்டுட்டாங்க. அந்த ஒண்ணு குடுத்திருந்தா அன்னிக்கே பாஸ்.

– யாரு அந்த அம்மா?

– பரீட்சை வைக்க வெளியூர்லேருந்து வந்தவங்க மாமா. சொடக்குப் போட்டு அடுத்தது, அடுத்ததுன்னு விரட்டினாங்க. நாளைக்கும் அவங்கதான். இதையேதான் கேப்பாங்க. நானும் அதே இடத்தத்தான் காட்டப் போறேன். அப்பா உடம்புல எத்தன தடவ தொட்டுப் பாத்திருக்கேன்.

– அப்படிப் போடு. என் பொண்ணு.

– மச்சான், கொம்பு சீவி விடாதீங்க. பரீட்சை வெக்கற பொம்பளகிட்ட மல்லுக்கு நின்னா வெளங்குமா? மருமகளே, எதுக்கும் என்மேல ஒரு தரம் போட்டுப் பாரு. உக்காந்ததும் உக்காந்துட்டேன்.

– சரி, பாருங்க. தோள்பட்டை எலும்புல குறுக்கால மேடா ஒரு விளிம்பு ஓடுது, தடவினா தெரியும். அதுக்கு ஸ்பைனா, முள்ளுன்னு பேரு. இன்ஃப்ரான்னா கீழ. முள்ளுக்குக் கீழ இருக்கற தசை. முள்ளு இங்க. அதுக்குக் கீழ பள்ளம். பள்ளத்துக்குக் கீழ தடிமனா சதை ஏறும். அதோ, அதுதான். வட்டம் போட்டுட்டேன்.

– எழுப்பிப் பாக்கலயா?

– அதுவும் பண்ணிடலாம். வலது முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சுக்குங்க. கைய முன்னால நீட்டுங்க, கதவு மாதிரி. இப்ப நான் தடுக்கறேன், நீங்க கையை வெளிப்பக்கமாத் தள்ளித் தொறக்கணும். தள்ளுங்க.

– இந்தா.

– தள்ளுங்க மாமா.

– தள்ளிட்டேனே, உன் கை பின்னால போயிடுச்சு பாரு. நான் என்ன அவ்ளோ சோப்ளாங்கியா?

– வட்டத்துக்குள்ள ஒண்ணுமே அசையல. இன்னொரு தரம்... இல்ல. மேல ஏதோ எகிறுது. இருங்க, இருங்க. மாமா, இங்க வீங்கியிருக்கே உங்களுக்கு?

– எங்க? என்ன வீக்கம்?

– முள்ளுக்குப் பக்கத்துல. பள்ளம் இருக்க வேண்டிய இடத்துல கெட்டியா ஏதோ திரண்டு இருக்கு. அமுக்கினா வலிக்குதா?

– அடப் பாவமே! கட்டியா? என்ன கட்டி? சும்மா இருந்தவனக் கூப்பிட்டு இல்லாத நோவ எல்லாம் கண்டுபிடிக்கிறீங்களே! மச்சான், வந்து பாருங்க!

– ஒண்ணும் இருக்காதுடா. கொழுப்பா இருக்கும்.

– வலிக்கல இல்ல? தள்ளும்போது இறுகுது, விட்டா இளகுது. கட்டின்னா இப்படிப் பண்ணாதே. அந்தப் பக்கம் திரும்புங்க. இடது கை, அதே மாதிரி... தள்ளுங்க. இங்கயும் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

– ரெண்டு கட்டியா?

– கட்டி இல்ல மாமா. புத்தகத்தக் குடுங்கப்பா. அந்தப் பக்கம் இல்ல, முதுகுப் படம். இதோ. முள்ளு... முள்ள ஒட்டியே ஆரம்பிக்குது. நடுவுல பள்ளமே இல்ல. பூராவும் சதை. நான் காட்டினது இதுக்கும் கீழ, வேற தசை. டெரீஸ், உருண்டைன்னு பேரு. அந்த அம்மா சரியாத்தான் போட்டிருக்காங்க.

– அப்ப எனக்குக் கட்டி இல்ல.

– இல்ல மாமா! நீங்க நல்லா இருக்கீங்க. இதுதான் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ்! நல்லவேளை, நாளைக்கு இதே தப்பப் பண்ணிட்டுச் சண்டையும் போட்டிருப்பேன். மாமா, நீங்க மட்டும் வரலன்னா போயிருப்பேன் நான்!

– அப்ப நாளைக்குப் பாஸா?

– பாஸ் மாமா. எது கேட்டாலும் எழுப்பிக் காட்டிடுவேன். அந்த ஆபீஸ்காரர் எவ்ளோ மொழுக்குன்னு இருந்தாலும் சரி.

– கேட்டீங்களா மச்சான்? மூட்டை தூக்கின முதுகால ஆகாதது, சாவி குடுத்த முதுகால ஆச்சு. உங்க வீட்டம்மா வந்ததும் நீங்களே உங்க வாயால சொல்லணும்.

– சொல்றேன்டா, சொல்றேன். நல்லா இரு. சட்டையப் போடு, லாட்ஜுல தேடுவாங்க.

– ஒரு நிமிஷம் மாமா, போடாதீங்க. அப்பா, நான் ஒண்ணும் இல்லாததையா எழுதினேன்? உங்க முதுகுல இந்த இடத்துல பள்ளம்தானே இருக்கு? என் விரல் உள்ள போகுமே. எப்பவும் வலது பக்கம்தான் எழுதுவேன், ஜன்னல் பக்கம்.

– இருக்கும். சுமக்கற உடம்பு இல்லயா. மூட்டை உரசி உரசித் தேஞ்சிருக்கும்.

– செருப்புதாம்ப்பா தேயும். தசை வேலை செஞ்சா வளரும். மாமா நாற்காலியில உக்காந்தே இருக்காரு, அவருக்கே இருக்கு.

– ஆளுக்கு ஆள் உடம்பு வேற வேற மாதிரி இருக்கும் அம்மாடி. நீதானே சொன்ன, என்னோடது பெரிய எழுத்துன்னு. போய் அவனுக்குத் தண்ணி குடு. அப்பவே கேட்டான்.

– எனக்குத் தண்ணி வேணாம் மச்சான்.

– திரும்புங்கப்பா. இடது பக்கம் பாக்கணும்.

– சொன்னா கேளு...

– இடது பக்கம் இருக்கு. மாமாவுக்கு இருக்கறதவிடப் பெரிசா இருக்கு. வலது பக்கம்தான் இல்ல. அப்பா, என்னப் பாருங்க. வலது முழங்கைய விலாவோட ஒட்டிக்குங்க. மாமா செஞ்சாரே, அதேதான். என் கையை வெளிய தள்ளுங்க. எனக்கு வலிக்கும்னு பாக்காதீங்க. உங்க முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளுங்கப்பா.

– தள்ளிக்கிட்டுதாம்மா இருக்கேன்.